போன தடவைக்கு நன்றி

ஹோல்ம்விக், 9 பிப்ரவரி 1997

ப்ரேபன்,

இரண்டு வருஷம் நாலு மாசம் கழித்து உனக்கு எழுதுகிறேன். நலமா என்று கேட்கப்போவதில்லை. ஜெயிலில் மூன்று வேளையும் சாப்பாடு வருகிறது, ஹீட்டர் எரிகிறது, அது எனக்குத் தெரியும்.

நேற்று மீன் கடையில் ஒரு பெண் என்னை நிறுத்தினாள். "நீங்கதானே எஸ்கில்? உங்களப் பத்திப் படம் எடுக்கறாங்களாமே! சிரிப்புப் படமாமே!" என்றாள். ஹெர்ரிங் பொட்டலத்தோடு அப்படியே நின்றேன். நேரே கிர்ஸ்டனிடம் போய்க் கேட்டேன். என் தங்கை பொய் சொல்ல நினைத்தால் காதைச் சொறிவாள். சொறிந்தாள். அப்புறம் ஒப்புக்கொண்டாள். கோபன்ஹேகனிலிருந்து ஒரு கதாசிரியன் ஜெயிலுக்கு வந்து, நாலு நாள் உன் எதிரில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் டேப்பில் பிடித்துக்கொண்டு போனானாம். நீயும் கதையைக் கொடுத்துவிட்டாயாம்.

உனக்கு மறந்திருக்கும், அதனால் நான் சொல்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை உன் பெண்டாட்டி கிர்ஸ்டனின் நாற்பதாவது பிறந்தநாள் விருந்து. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பன்றி வறுவல் தின்றாய், பாட்டுப் பாடினாய், என் தோளில் கை போட்டாய். திங்கட்கிழமை நான் வேலை பார்த்த ஓவியக்கூடத்துக்கு விடுமுறை. குளிர்காலம் வருகிறதே என்று ரேடியேட்டர்களைச் சரிபார்க்க நான் மட்டும் போயிருந்தேன். இரண்டாவது ஹாலில் இரண்டு பேர் பன்றி முகமூடி போட்டுக்கொண்டு 'சிவப்புப் பசு' ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். தவக்காலத்துக்கு முன் வரும் வேஷத் திருவிழாவுக்குக் குழந்தைகள் போடும் முகமூடி. அதில் ஒரு பன்றி என்னைப் பார்த்ததும் மரியாதையாகத் தலையை ஆட்டிச் சொன்னது: "போன தடவைக்கு நன்றி."

நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. ஒருவனோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால், அடுத்த முறை அவனை எங்கே பார்த்தாலும், சவப்பெட்டிக்குள் பார்த்தாலும்கூட, அதைச் சொல்லாமல் வாயை மூட முடியாது. நானும் பதில் சொன்னேன் என்று நினைவு. அதோடு சரி. அடுத்து ஞாபகம் இருப்பது ஆஸ்பத்திரிக் கூரை.

இடது கண் போனது. தாடையைக் கம்பியால் கட்டி ஆறு வாரம் குழாயில் சூப் குடித்தேன். நாக்கில் இன்றைக்கும் ருசி கிடையாது, ஹெர்ரிங்கும் சோப்பும் எனக்கு ஒன்றுதான். கோர்ட்டில் கிர்ஸ்டன் முகத்துக்காக நான் உனக்கு என்ன செய்தேன் என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அதற்கு நீ காட்டும் நன்றி இதுவா? என் மண்டை உடைந்ததை வைத்து ஊரைச் சிரிக்க வைக்கப்போகிறாயா?

அந்தக் கதாசிரியனுக்கு எழுதி நிறுத்து.

எஸ்கில்

*

அரசு சிறைச்சாலை, 20 பிப்ரவரி 1997

அன்புள்ள மச்சான்,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். சத்தியமாக. இத்தனை நாள் ஒரு வரிகூட வராததற்குக் கோபமில்லை, நியாயம்தான்.

படத்தை நிறுத்து என்கிறாய். நிறுத்த நான் யார்? தாளில் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆனால் நீ பயப்படுகிற மாதிரி இல்லை. அந்தப் பையன் நல்லவன், வரும்போதெல்லாம் கேக் வாங்கி வந்தான். அவன் சிரித்தது உன்னைப் பார்த்து இல்லை, எங்களைப் பார்த்து. யோசித்துப் பார். ஓவியம் வேனுக்குள் நுழையவில்லை! வீட்டிலிருந்து வேனை அளந்துகொண்டு வந்த நான் ஓவியத்தை அளக்க மறந்துவிட்டேன். நட்ட நடுத்தெருவில் அந்த இன்னொரு பன்றி, ஃப்ளெமிங், ஓவியச் சட்டத்தை ரம்பத்தால் அறுக்கிறான். ஒரு கிழவி நாயோடு வந்து, "சட்டம் மாத்தறீங்களா? ரொம்ப நாளா மாத்தணும், நல்ல வேலை" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். ஓவியத்தை வாங்க ஹாம்பர்க்கிலிருந்து வருவதாகச் சொன்னவன் வரவே இல்லை. பசுவைப் பன்றிக் கொட்டகையில் ஒளித்து வைத்தோம், அதன் வாலைப் பன்றி தின்றுவிட்டது. இதைக் கேட்டு யார் சிரிக்காமல் இருப்பார்கள்?

உன் வேஷத்துக்கு அழகான நடிகன் வருகிறானாம். தலை நிறைய முடி இருக்கிறதாம். கொடுத்து வைத்தவன் நீ.

எனக்கு மூன்று வேளைச் சாப்பாடு வருகிறது என்று எழுதியிருந்தாய். கூடவே வந்த வேறொன்றையும் சொல்கிறேன். ஃப்ளெமிங்குக்கு வெளியில் நண்பர்கள் உண்டு, உள்ளேயும் உண்டு. போன மாதம் மரப்பட்டறையில் ஒருத்தன் என் கையைப் பிடித்துக் கதவு இடுக்கில் வைத்தான். இன்னொருத்தன் கதவைக் காலால் சாத்தினான். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. "ஃப்ளெமிங்குக்கு ஒன்பது வருஷம் போட்டிருக்காங்க, இது அவன் குடுத்த பரிசு" என்றார்கள். இடது கையில் இரண்டு விரல் இப்போது மடங்காது. இதை இடது கையால் தாளைப் பிடிக்க முடியாமல், காபிக் குவளையை வைத்து அமுக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

உன்னை அடித்தது ஃப்ளெமிங். நான் ஓவியத்தோடு வெளியே போனதை நீயே பார்த்தாய், கோர்ட்டில் நீயே சொன்னாய். அதற்கு என் விரல் என்ன பாவம் செய்தது? சரி, போகட்டும். நாமிருவரும் அடிபட்டவர்கள்தான்.

உன் ப்ரேபன்

*

ஹோல்ம்விக், 27 மார்ச் 1997

ப்ரேபன்,

கிர்ஸ்டன் உனக்குச் சொல்லியிருப்பாள், இருந்தாலும் என் வாயால் கேட்டுக்கொள்.

சினிமாக்காரர்கள் வந்து ஓவியக்கூடத்தைப் பத்து நாள் வாடகைக்கு எடுத்தார்கள். எனக்கும் ஒரு மடக்கு நாற்காலி போட்டு, "நீங்கதான் எங்க ஆலோசகர்" என்றார்கள். போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் மனிதன் தன் ரத்தம் சிந்திய இடத்தைச் சுற்றி வருவதை நிறுத்த மாட்டான் போலிருக்கிறது. போனேன்.

ரத்தத்தைப் பீட்ரூட்டிலும் சர்க்கரைப் பாகிலும் காய்ச்சி வாளியில் வைத்திருந்தார்கள். ஓவியங்களுக்கு முன்னால் கயிறு கட்டி நிறுத்தும் பித்தளைக் கம்பத்தால் என்னை அடித்தார்கள் என்பதை மாற்றிவிட்டார்கள். படத்தில் ஃப்ளெமிங் வேஷக்காரன் சுண்ணாம்புச் சிலை ஒன்றை என் வேஷக்காரன் தலையில் போடுகிறான். சிலை உடைந்து பொடி பறக்கிறது, அழகான முடிக்காரன் தும்முகிறான், விழுகிறான். ஏழு முறை விழுந்தான். ஒவ்வொரு முறையும் ஒரு பெண் ஓடிவந்து அவன் தலையைத் தட்டிவிட்டாள்.

என்னைத் தட்டிவிட யாரும் வரவில்லை. அடித்த கம்பத்தைப் போலீஸ் திருப்பிக் கொடுத்ததும் பாலிஷ் போட்டு அதே ஹாலில் நிறுத்திவிட்டார்கள். அதன் பாதத்தில் நசுங்கிய சொட்டை அப்படியே இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதில் சாய்ந்து நிற்கிறார்கள்.

பிற்பகலில் உன் வேஷக்காரன் முகமூடியோடு என்னிடம் வந்தான். விளையாட்டுக்குத்தான், எனக்குத் தெரியும். குனிந்து, "போன தடவைக்கு நன்றி" என்றான்.

என் கை தானாகப் போனது. முகமூடியின் மூக்கு உள்ளே அமுங்கியது. அவன் கழற்றுவதற்குள் இன்னொன்று கொடுத்தேன். மூன்றாவதை இரண்டு பேர் வந்து பிடித்தார்கள். முன்பல் ஒன்று தரையில் கிடந்தது. பீட்ரூட் ரத்தமும் அவன் ரத்தமும் ஒரே சட்டையில் ஓடின, எது எது என்று தெரியவில்லை. இயக்குநர் என்ன கேட்டான் தெரியுமா? "கேமரா ஓடிச்சா?"

எனக்குக் காபி கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அறுபத்தொரு வயதில் முதல்முறையாக ஒருவனை அடித்திருக்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது: நன்றாக இருந்தது.

எஸ்கில்

*

அரசு சிறைச்சாலை, 14 ஏப்ரல் 1997

மச்சான்,

உன் கடிதத்தை மூன்று பேருக்கு வாசித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "உன் மச்சான இங்க அனுப்பு, பட்டறைல ஆள் வேணும்" என்கிறான் ஒருத்தன். ஒரு சினிமாக்காரன் பல்லை உடைத்த கை அது, சும்மாவா!

இப்போது கொஞ்சம் காரியம் பேசலாம். பிப்ரவரியில் என்னை விடுகிறார்கள். கிர்ஸ்டன் என்னைத் திரும்ப ஏற்றுக்கொள்வாள், ஆனால் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீ சரி என்றால்தான் அவளுக்கு நிம்மதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ மேஜைக்கு வந்து உட்கார்ந்தால் போதும்.

இன்னொன்று. ஃப்ளெமிங் தன் வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லி மனு போட்டிருக்கிறானாம். அடித்தது நான் என்று பழைய பாட்டையே பாடுகிறான். அவன் சட்டையில்தானே உன் ரத்தம் இருந்தது? அவன்தானே அதற்கு முன்பு இரண்டு பேரைக் குத்தியவன்? நான் சர்ச் பாட்டுக்குழுவில் பாடுகிறவன். போலீஸ் வந்து கேட்டால் சொன்னதையே சொல். 'ப்ரேபன் ஓவியத்தோடு வாசலைத் தாண்டியதைப் பார்த்தேன்.' ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

ப்ரேபன்

*

ஹோல்ம்விக், 19 அக்டோபர் 1997

ப்ரேபன்,

படம் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு நாளாகத் தூங்கவில்லை. இதை நான்காவது முறையாக எழுதுகிறேன், முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன்.

நம் ஊர்த் தியேட்டர் வாசலில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். மேயர் வந்தார். என்னை நடு வரிசையில் உட்கார வைத்தார்கள், பக்கத்தில் கிர்ஸ்டன். அவள் என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். வேன், ரம்பம், நாய்க்காரக் கிழவி, எல்லாவற்றுக்கும் தியேட்டர் குலுங்கியது. நானும் சிரித்தேன், பொய் சொல்லவில்லை.

பிறகு என் காட்சி வந்தது. ஃப்ளெமிங் வேஷக்காரன் சிலையைப் போடுகிறான். நீ வெளியே வேனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாய், கோர்ட்டில் சொன்னபடியே. அழகான முடிக்காரன் தரையில் கிடந்து, வாயில் பொடியோடு, கையைத் தூக்கி முனகுகிறான்: "காபி மெஷின் ஓடிட்டிருக்கு... அணைச்சிடுங்க." அடித்தவன் வாசல்வரை போகிறான், நிற்கிறான், பெருமூச்சு விடுகிறான். திரும்பி வந்து, என்னைத் தாண்டி, மெஷினை அணைத்துவிட்டுப் போகிறான்.

அந்த இடத்தில் மேயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவு சிரிப்பு. நான் சிரிக்கவில்லை.

ஏனென்றால் நான் அதைச் சொன்னேன் ப்ரேபன். அன்றைக்குச் சொன்னேன். அந்த நொடிவரை எனக்கே அது மறந்து போயிருந்தது. திரையில் கேட்டதும் எல்லாம் வந்தது: வாயில் இரும்பு ருசி, கன்னத்துக்குக் கீழே ஜில்லென்ற தரை, அடுத்த அறையில் மெஷினின் சளசள. தீப்பிடித்துவிடுமே, ஓவியங்கள் இருக்கின்றனவே என்ற பயம். சொன்னேன். யாரோ போய் அணைத்தார்கள். போலீஸ் போட்டோவில் குடுவையில் பாதிக் காபி இருக்கிறது, மெஷின் அணைந்திருக்கிறது. நானே அணைத்திருப்பேன் என்று எழுதிக்கொண்டார்கள்.

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வேன்? ஃப்ளெமிங் எந்த சினிமாக்காரனையும் பார்க்க மறுத்துவிட்டான், அது பேப்பரிலேயே வந்தது. கதாசிரியனிடம் நாலு நாள் பேசியது நீ ஒருவன்தான். நீ அப்போது வெளியே வேனோடு நின்றிருந்தால், நான் தரையில் கிடந்து முனகியது உனக்கு எப்படித் தெரியும்?

நீ வாசலைத் தாண்டியதை நான் பார்க்கவே இல்லை. எதையும் பார்க்கவில்லை. கோர்ட்டில் கிர்ஸ்டன் முன்வரிசையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். என் தங்கை புருஷன் இப்படிச் செய்ய மாட்டான் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். அந்த நிச்சயத்தைத்தான் பார்த்ததாகச் சொன்னேன். என் வார்த்தையால் ஒருவன் ஒன்பது வருஷத் தண்டனையில் உள்ளே கிடக்கிறான்.

ஒரே கேள்வி. காபி மெஷினை அணைத்தது யார்?

எஸ்கில்

*

அரசு சிறைச்சாலை, 28 அக்டோபர் 1997

மச்சான்,

கதாசிரியன் கற்பனையாகப் போட்டிருப்பான். அவன் வேலையே அதுதானே? டென்மார்க்கில் எந்த வீட்டில் காபி மெஷின் ஓடவில்லை? தலையில் அடிபட்டவனுக்குச் சினிமாவும் நிஜமும் குழம்புவது சகஜம் என்று டாக்டரே சொல்வார். படத்தை மறுபடி பார்க்காதே. மாத்திரையை ஒழுங்காகப் போடு.

விரல் வலிக்கிறது, அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

ப்ரேபன்

*

ஹோல்ம்விக், 11 ஜனவரி 1998

ப்ரேபன்,

கதாசிரியனைத் தேடிப் பிடித்தேன். மனசாட்சி உள்ளவன், ஒரு மாசம் இழுத்தடித்தாலும் கடைசியில் டேப்பை எடுத்து டெலிபோனிலேயே போட்டுக் காட்டினான். உன் குரல். கேக்கை மென்றுகொண்டே சொல்கிறாய்: "கடைசில அந்த மனுசன் காப்பி மெஷின அணைக்கச் சொன்னான்யா! சிரிப்பு வந்துருச்சு. அணைச்சிட்டுத்தான் போனேன்." பிறகு நீயே நிறுத்தி, "போனான்னு எழுதிக்கோ, ஃப்ளெமிங் போனான்னு" என்கிறாய். கதாசிரியன் அதை வாய் தவறியது என்று நினைத்துக்கொண்டானாம்.

ஜெயிலில் ஃப்ளெமிங்கையும் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். என் கண்ணைப் பார்த்தான், பிறகு கண்ணாடியில் துப்பினான். துடைக்காமல் எழுந்து போய்விட்டான். அது என் முகத்துக்கு நேரே வழிந்து இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

கிர்ஸ்டனுக்கு இன்னும் சொல்லவில்லை. அவள் உன் அறைக்குப் புதிதாகச் சுவர்க்காகிதம் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். உன் வாயிலிருந்து கேட்காமல் நான் எங்கும் போகப்போவதில்லை. எழுது. எழுதாவிட்டால் நேரே போலீஸுக்குப் போகிறேன், என்னையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளட்டும்.

எஸ்கில்

*

29 ஜனவரி 1998

எஸ்கில்,

விடுப்பில் போகிற ஒருத்தன் இதை வெளியே தபாலில் போடுவான். படித்ததும் எரித்துவிடு.

கேட்டுக்கொண்டே இருக்கிறாயே, இந்தா. நான்தான்.

வாய் தவறி அந்தப் பாழாய்ப் போன நன்றியைச் சொன்னது நான். ஆனால் அதோடு முடிந்திருக்கும். என்னை யார் என்று தெரியாதது போல நீ நின்றிருக்கலாம். நீ என்ன செய்தாய்? சிரித்துக்கொண்டே, "உனக்கும் நன்றி, ப்ரேபன்" என்றாய். பேரைச் சொன்னாய்! ஃப்ளெமிங் என்னைத் திரும்பிப் பார்த்தான். உன் முகத்தில் நீ என்ன சொல்லிவிட்டாய் என்பது மெதுவாக ஏறியது. அதையும் பார்த்தேன்.

பதினாலு வருஷம் கசாப்புக் கூடத்தில் நின்றவன் நான். முதல் அடியிலேயே விழ வைக்க வேண்டும், இல்லையென்றால் கத்தும். கயிற்றை உருவிவிட்டுக் கம்பத்தைத் தலைகீழாகப் பிடித்தேன். பாதம் கனம். முதல் அடி காதுக்கு மேலே. விழுந்தாய். ஆனால் மயங்கவில்லை. கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாய். அந்தக் கண்ணில்தான் இரண்டாவது விழுந்தது. தாடையில் மூன்றாவது, அது உடைந்த சத்தம் முகமூடிக்குள்ளேயே கேட்டது. அப்போதும் நீ கத்தவில்லை. காபி மெஷினை அணைக்கச் சொன்னாய். உடைந்த வாயோடு, அவ்வளவு மரியாதையாக. எனக்கு எப்படி ஆத்திரம் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. திட்டியிருந்தால்கூட விட்டிருப்பேன். நாலு, ஐந்து. ஆறாவதற்கு ஓங்கும்போது ஃப்ளெமிங் ஓவியத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிப் பிடித்தான். "விட்றா, செத்துருவான்டா!" என்று கத்தினான். அவன் சட்டையில் உன் ரத்தம் வந்தது அப்படித்தான். என் சட்டையை அன்றைக்கே எரித்துவிட்டேன். அவன் முட்டாள், துவைத்து வைத்துக்கொண்டான்.

மெஷினை அணைத்துவிட்டுத்தான் போனேன். ஏன் என்று கேட்காதே. ஓடுகிறதை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். பதினாறாம் தேதி வெளியே வருகிறேன். போலீஸுக்குப் போனால் பொய்ச்சாட்சிக்கு நீயும் உள்ளே வருவாய், கிர்ஸ்டனுக்கு அண்ணனும் இல்லை, புருஷனும் இல்லை. ஃப்ளெமிங் நல்லவன் இல்லை, அவன் எதற்காகவாவது உள்ளே கிடக்க வேண்டியவன்தான். வாயை மூடிக்கொள். உனக்கு இன்னும் ஒரு கண் இருக்கிறது. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்.

ப்ரேபன்

*

ஹோல்ம்விக் போலீஸ் நிலையம், 20 பிப்ரவரி 1998

ப்ரேபன்,

இந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரியில் உனக்கு யாராவது வாசித்துக் காட்டுவார்கள். முகத்தில் கட்டு இருப்பதாகச் சொன்னார்கள்.

உன் கடிதத்தை எரிக்கவில்லை. இரண்டு வாரம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். போலீஸுக்குப் போக வேண்டும் என்று தெரியும். அதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் வாங்கிக்கொண்டு ஓவியக்கூடத்துக்குப் போய், சொட்டை விழுந்த கம்பத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் இருந்த பெண் "நல்லா இருங்க எஸ்கில்" என்றாள். நம் குடும்பத்தில் அங்கே திருடிய இரண்டாவது ஆள் நான்.

மறுநாள் காலை ஜெயில் வாசலில் கிர்ஸ்டனின் கார் நின்றது. குளிருக்காக எஞ்சினை ஓடவிட்டு, அவள் உன் சாமான்களுக்குக் கையெழுத்துப் போட உள்ளே போயிருந்தாள். நீ மட்டும் அட்டைப்பெட்டியோடு முதலில் வெளியே வந்தாய். குண்டாகியிருந்தாய். நான் எதிரே வந்து, "போன தடவைக்கு நன்றி" என்றேன்.

நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? என் கையில் கம்பத்தைப் பார்த்தாய். உன் முகம் வெளுத்தது. அப்படியும் உன் வாய் திறந்து, "உனக்கும் நன்றி" என்றது.

முதல் அடியை முட்டியில் கொடுத்தேன், ஓட முடியாமல் இருக்க. பெட்டி விழுந்து சவரக் கண்ணாடி உடைந்தது. நீ குனிந்தாய், இரண்டாவது தாடையில் பட்டது. அந்தச் சத்தத்தை நான் அன்றைக்குக் கேட்கவில்லை, இப்போது கேட்டேன். நீ எழுதியிருந்த மாதிரியேதான் இருந்தது. பனியில் விழுந்தாய். மூன்றாவதைத் தோளில் போட்டேன். ஐந்து கணக்கு வைத்துக்கொண்டு வந்தவன். மீதி இரண்டையும் கண்ணில் போட நினைத்திருந்தேன், உன் மாதிரியே.

ஓங்கிய கை ஏன் நின்றது என்று வக்கீல் கேட்டார். இரக்கம் என்று சொன்னால் நல்லது என்றார். இரக்கம் இல்லை. காரின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. நீ எதுவும் கேட்கவில்லை, நானாகவே கம்பத்தைப் போட்டுவிட்டு, உன்னைத் தாண்டிப் போய், கதவைத் திறந்து சாவியைத் திருப்பி அணைத்தேன். சாவியைக் கிர்ஸ்டனின் இருக்கையில் வைத்தேன், தேடக்கூடாதே என்று. கதவை மெதுவாகச் சாத்தினேன். அப்போதுதான் என் கை என்ன செய்தது என்று பார்த்தேன். மூன்று வருஷமாக, என்னை அடித்தவன் வேறு ஏதோ பிராணி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிர்ஸ்டன் வெளியே வந்தாள். உன்னைப் பார்த்து அலறினாள், ஓடிவந்து என் குருட்டுக் கண் பக்கமாக ஓங்கி அறைந்தாள். அடி வருவதே எனக்குத் தெரியவில்லை. உன் கடிதத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். பனியில் நின்றபடி படித்தாள். முடித்ததும் ஆம்புலன்ஸில் உன்னோடு ஏறவில்லை, போலீஸ் வண்டியில் என்னோடும் வரவில்லை. காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். இன்றுவரை எங்கே என்று தெரியாது.

கடிதமும் டேப்பும் ஃப்ளெமிங்கின் வக்கீல் கையில் இருக்கின்றன. ஈஸ்டருக்குள் அவன் வெளியே வரக்கூடும் என்கிறார். எனக்குப் பொய்ச்சாட்சிக்கு ஒன்று, உன்னை அடித்ததற்கு ஒன்று. இரண்டையும் ஒப்புக்கொண்டேன்.

உனக்கும் தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்களாம். ஆறு வாரம். குழாயை இடது பக்கம் வைத்து உறிஞ்சு, வழியாது. சூப் ஆறிய பிறகு கொண்டுவரச் சொல்.

அடுத்த மாதம் கோர்ட்டில் உன்னையும் என்னையும் எதிரெதிரே உட்கார வைப்பார்கள். என்னைப் பார்த்ததும் உனக்குத் தொண்டைவரை என்ன வரும் என்று எனக்குத் தெரியும். கம்பி விடாது. கவலைப்படாதே மாப்பிள்ளை, உன் பங்கையும் சேர்த்து நானே சொல்லிவிடுகிறேன்.

எஸ்கில்